வித்ட்ரோ, கன்ஃபர்ம், அட்வைஸ், டிமாண்ட்: நான்கு ஆங்கில வினைகளால் போன எட்டு லட்சம்

2023 ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை இரவு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வெளியே ஒரு சீமெந்துக் கட்டின் மேல் இருந்துகொண்டு கைபேசியில் இரண்டு வரி ஆங்கில மின்னஞ்சல் எழுதினேன். இங்கிலாந்துப் பல்கலைக்கழகமொன்றில் முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்து, 2,000 பவுண் முற்பணமும் கட்டியிருந்தேன். அன்றைய மாற்று வீதத்தில் அது எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். பாதி அப்பாவின் சேமிப்பு, மீதி அம்மாவின் காப்பும் அட்டியலும் அடகு வைத்து எடுத்தது. மூன்று நாளைக்கு முன் அப்பாவுக்கு மாரடைப்பு. செப்டெம்பரில் போக முடியாது, ஜனவரி வகுப்புக்குப் போகலாம் என்று அம்மாவும் நானும் முடிவெடுத்தோம். அதைத்தான் எழுதினேன், அல்லது அதைத்தான் எழுதினேன் என்று நம்பினேன். செப்டெம்பர் வகுப்பிலிருந்து 'வித்ட்ரோ' செய்ய விரும்புகிறேன், ஜனவரியில் வர எண்ணியிருக்கிறேன் என்பது அந்த இரண்டு வரி. அடுத்த ஐந்து வாரத்தில் அந்த ஒரு சொல்லும், அதைத் தொடர்ந்து நான் பிழையாகப் பயன்படுத்திய அல்லது பிழையாக வாசித்த இன்னும் மூன்று சொற்களும் சேர்ந்து முற்பணம் முழுவதையும் கொண்டுபோயின. யாரிடமும் கேட்கவில்லை, கேட்க ஆளும் இருக்கவில்லை. அப்போது எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிற எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

'வித்ட்ரோ' எனக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு நிறைய யோசித்தேன். வங்கியிலிருந்துதான். காசு எடுக்கப் போனால் நிரப்புகிற துண்டில் அந்தச் சொல் இருக்கும். நம் கணக்கிலிருந்து நம் காசை எடுக்கிறோம், கணக்கு அப்படியே இருக்கும், நாளைக்குத் திரும்பவும் போடலாம். பல்கலைக்கழகத்திலும் செப்டெம்பரிலிருந்து பெயரை எடுத்தால் என் 'கணக்கு' அங்கே இருக்கும் என்றுதான் மனம் எடுத்துக்கொண்டது. ஆனால் விண்ணப்பம், அனுமதி, வழக்கு, வேட்புமனு போன்றவற்றோடு இந்தச் சொல் சேர்ந்தால் பொருள் வேறு: நானாகவே விலகிக்கொள்கிறேன், கோப்பை மூடிவிடுங்கள். சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது. 'ட்ரோ' என்றால் இழு. முன்னால் நிற்கும் 'வித்' இங்கே 'கூட' என்ற பொருளில் வரவில்லை, 'அப்பால், பின்னால்' என்ற பழைய பொருளில் வருகிறது. எனக்குத் தேவைப்பட்டது 'டிஃபர்'. இடமும் உரிமையும் என் கையிலேயே இருக்க, தொடங்கும் காலத்தை மட்டும் பின்னுக்குத் தள்ளுவது. பல்கலைக்கழக அனுமதி, கடன் தவணை, வரி போன்றவற்றுக்கு இதுதான் சொல். 'போஸ்ட்போன்' என்பது ஒரு நிகழ்ச்சியைத் தள்ளிவைப்பது: கூட்டம், கலியாணம், பரீட்சை. 'புட் ஓஃப்' அதே பொருளில் வாய்ப்பேச்சுக்குரியது, நண்பருக்கு எழுதலாம், அலுவலகத்துக்கு எழுதக் கூடாது. 'டிலே' என்றால் தாமதம். பெரும்பாலும் யாரோ ஒருவரின் குறை அதில் தொனிக்கும். விமானம் தாமதமானது என்பதற்குச் சரி, நான் திட்டமிட்டுத் தள்ளிவைக்கிறேன் என்பதற்குப் பொருந்தாது. 'எக்ஸ்டென்ட்' காலக்கெடுவை நீட்டுவது, 'சஸ்பென்ட்' நடந்துகொண்டிருப்பதை இடைநிறுத்துவது, 'கான்சல்' அடியோடு இல்லாமல் ஆக்குவது. 'டிக்ளைன்' என்றால் வந்த வாய்ப்பை மரியாதையாக வேண்டாம் என்பது. நம் அகராதிகள் இவற்றில் பாதிக்கு 'ஒத்திவை' என்றும் மீதிக்கு 'நிறுத்து' என்றும் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகின்றன.

திங்கட்கிழமை பதில் வந்தது. மிக மரியாதையான கடிதம். நான் வித்ட்ரோ செய்ய விரும்புவதாக எழுதியிருப்பதைப் பார்த்தோம், அதை 'கன்ஃபர்ம்' செய்யுங்கள் என்றிருந்தது. இன்று பார்த்தால் அது எனக்குத் திறந்துவிடப்பட்ட கதவு. உண்மையாகவே விலகுகிறாயா என்று ஒரு முறை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள். நான் என்ன செய்தேன்? கடிதம் கிடைத்தது என்று சொல்வதாக நினைத்து, 'யெஸ், ஐ கன்ஃபர்ம்' என்று பதில் போட்டுவிட்டு அப்பாவின் கட்டிலடிக்குப் போய்விட்டேன். கிடைத்தது என்று மட்டும் சொல்வதற்கு உரிய வினை 'அக்னொலெஜ்'. அதற்குள் 'நொலெஜ்', அதாவது அறிவு, இருக்கிறது: உங்கள் கடிதம் வந்ததை அறிந்தேன், அவ்வளவுதான். 'கன்ஃபர்ம்' என்பதற்குள் 'ஃபேர்ம்' இருக்கிறது, இறுக்கமானது, அசையாதது. அதை எழுதியதும் செய்தி முடிவாகிவிடுகிறது. இதை விளங்கிக்கொள்ள எனக்கு நீண்ட நாள் எடுத்தது: அலுவலக ஆங்கிலத்தில் சில வினைகள் நடந்ததை அறிவிப்பதோடு நிற்பதில்லை, எழுதிய அந்தக் கணமே செயலை நடத்தி முடித்துவிடுகின்றன. வித்ட்ரோ, கன்ஃபர்ம், அக்செப்ட், டிக்ளைன், ரிசைன், வேவ், டிக்ளேர் எல்லாம் அந்த வகை. 'ஐ ரிசைன்' என்று எழுதினால் வேலையை விட யோசிக்கிறேன் என்று ஆகாது, விட்டாகிவிட்டது. 'வேவ்' என்றால் எனக்குள்ள உரிமையை நானே விட்டுக்கொடுக்கிறேன் என்று பொருள். கட்டணத்தை அவர்கள் வேவ் பண்ணினால் நமக்கு நல்லது, நம் உரிமையை வேவ் செய்கிறோம் என்ற பத்திரத்தில் கையெழுத்திட்டால் நமக்குக் கூடாது. இந்த வினைகளில் ஒன்று உங்கள் பேனாவில் வந்தால் அன்றிரவு அந்தக் கடிதத்தை அனுப்பாதீர்கள், காலையில் பார்த்து அனுப்புங்கள்.

தமிழில் கன்ஃபர்மையும் அதன் பக்கத்துச் சொற்களையும் 'உறுதிப்படுத்து' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், தடுமாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வைத்தியர் கையெழுத்திட்டுத் தருகிற கடிதத்தில் வருவது 'சேர்ட்டிஃபை': அதிகாரம் உள்ள ஒருவர் தன் பொறுப்பில் உண்மையென்று எழுதித்தருவது. அந்த அதிகாரம் இல்லாமல் நானோ நீங்களோ இன்னொருவருக்காக அப்படிச் சேர்ட்டிஃபை செய்ய முடியாது. 'வெரிஃபை' என்றால் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது: பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புகொண்டு பார்ப்பார்களே, அது. 'செக்' அதன் சாதாரணப் பேச்சு வடிவம். 'என்ஷுவர்' என்பது பிழை நடக்காதபடி முன்கூட்டியே பார்த்துக்கொள்வது. 'அஷுவர்' ஓர் ஆளுக்குக் கொடுக்கிற நம்பிக்கை வார்த்தை, ஆகவே அதற்குப் பின்னால் 'யூ' அல்லது ஒருவரின் பெயர் கட்டாயம் வரவேண்டும். 'அஃபேர்ம்' சத்தியக் கடதாசிக்கு (அஃபிடவிட்) உரியது. அந்த நாட்களில் அதையும் நேரில் பார்த்தேன். பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் அப்பாவின் பெயர் ஓர் எழுத்து வித்தியாசமாக இருந்ததால் ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி தேவைப்பட்டது. தட்டச்சு செய்தவர் முன்பு ஒருவருக்கு அடித்துக் கொடுத்த பிரதியிலேயே என் பெயரைப் போட்டுத் தந்துவிட்டார். கையெழுத்துக்காகப் போன இடத்தில் சமாதான நீதவான் முதல் வரியை வாசித்துவிட்டு நிமிர்ந்து, "தம்பி, நீங்க வேதமா?" என்று கேட்டார், கிறிஸ்தவரா என்று. சைவம் என்றேன். "அப்ப இது செல்லாது. இதுல 'ஸ்வெயா' எண்டு போட்டிருக்கு" என்று திருப்பித் தந்தார். கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்கிறார்கள், அவர்களின் கடதாசியில் 'மேக் ஓத் அண்ட் ஸ்வெயா' என்று வரும். இந்து, பௌத்தர், முஸ்லிம் ஆகியோர் சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரை கொடுக்கலாம் என்று இலங்கைச் சட்டம் வழிவிட்டிருக்கிறது, அதனால் அவர்களுடையதில் 'டிக்ளேர் அண்ட் அஃபேர்ம்' என்று வரும். கீழே கையெழுத்துப் பகுதியிலும் அதே வினைதான் இருக்கவேண்டும், மேலே அஃபேர்மும் கீழே ஸ்வோர்னுமாக இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். காத்தான்குடியும் ஆரையம்பதியும் தாண்டவன்வெளியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற, பல மதத்தவரும் வாழ்கிற எங்கள் ஊரில் ஒருவரின் பிரதி இன்னொருவருக்குப் பொருந்தாது என்பதைத் தட்டச்சுக்காரருக்குச் சொல்லிவிட்டே கொடுங்கள். எனக்கு அதில் இரண்டு நாளும் இரண்டாவது தட்டச்சுக் கூலியும் போயின.

மூன்றாவது சொல்தான் என் காசைக் கடைசியாகப் புதைத்தது. ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை வந்த கடிதத்தில், என் விலகல் பதியப்பட்டது, முற்பணம் மீளளிக்கப்படாது என்று எழுதியிருந்தது. தலை சுற்றியது. அதற்குக் கீழே ஒரு வரி, 'ப்ளீஸ் பி அட்வைஸ்ட்' என்று தொடங்கி, மேன்முறையீடு செய்வதாக இருந்தால் 10 வேலை நாட்களுக்குள் வந்துசேர வேண்டும் என்றது. 'அட்வைஸ்' என்றால் புத்திமதி என்றுதான் சின்ன வகுப்பிலிருந்து படித்தேன். யாரோ ஓர் உத்தியோகத்தர் எனக்கு ஆலோசனை சொல்கிறார், விரும்பினால் செய்யலாம், முதலில் அப்பாவைக் கொழும்புக்குக் கொண்டுபோய் பைபாஸ் முடியட்டும் என்று வைத்துவிட்டேன். அலுவலகக் கடிதத்தில் இந்த வினைக்கு இரண்டு முகம் இருக்கிறது. அதற்குப் பின்னால் 'டு'வும் ஒரு வினையும் வந்தால் புத்திமதி: இன்னதைச் செய்வது நல்லது. பின்னால் 'தட்' வந்தால், அல்லது 'ஒஃப்' வந்தால், அது பெரும்பாலும் அறிவித்தல். அறிவித்தபின் நாள் எண்ணத் தொடங்கிவிடும், உங்களுக்குத் தெரியாது என்று பிறகு சொல்ல இயலாது. பெயர்ச்சொல்லாக வரும்போது அது 'சீ' எழுத்தோடு எழுதப்படும், வினையாக வரும்போது 'எஸ்' எழுத்தோடு. ஒலியும் வேறு, ஆனால் தமிழ் வாய்க்கு அந்த இரண்டாம் ஒலி இல்லாததால் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிப் பழகிவிட்டோம். வேலை நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: சனி, ஞாயிறு சேராது, அந்த நாட்டு விடுமுறையும் சேராது. ஆகஸ்ட் 28 இங்கிலாந்தில் வங்கி விடுமுறை. ஆக எனக்கிருந்த கடைசி நாள் செப்டெம்பர் 1. நான் அந்தக் கடிதத்தை ஒழுங்காக வாசித்தது செப்டெம்பர் 12.

அறிவித்தல் குடும்பத்தில் மற்றவற்றை இங்கேயே சொல்லிவிடலாம். 'டெல்' எல்லோருக்கும் எப்போதும் பொருந்தும், 'லெட் நோ' நட்பான மின்னஞ்சலுக்கு மிக நல்லது. 'இன்ஃபோர்ம்' அலுவலகத்துக்குரியது, ஆனால் சாதாரணம். 'நொட்டிஃபை' என்று கண்டால் அங்கே ஒரு கடமை இருக்கிறது என்று எடுங்கள்: முகவரி மாறினால் இத்தனை நாளுக்குள் தெரிவிக்கவேண்டும், வீடு விடுவதானால் ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் தரவேண்டும். நாம் 'அவருக்கு அறிவித்தேன்' என்கிறபடியால் கை தானாக 'இன்ஃபோர்ம் டு' என்று எழுதும். அந்த 'டு' வராது, ஆள் நேரடியாக ஒட்டிக்கொள்வார். நம் மொழிப் பழக்கம் செய்கிற இதே வேலைதான் 'டிஸ்கஸ் எபவுட்' (எங்கள் 'பற்றி'), 'கொன்டாக்ட் வித்' (எங்கள் 'ஓடு'), 'ரிட்டேர்ன் பேக்' என்பவையும். இந்த மூன்றிலும் பின்சொல்லை வெட்டிவிடுங்கள். மாறாக 'எக்ஸ்ப்ளெய்ன்' என்பதற்கும் 'ரிப்ளை' என்பதற்கும் ஆளைச் சொல்ல 'டு' வேண்டும், அங்கே நாம் அதை விட்டுவிடுகிறோம்.

செப்டெம்பர் 12 இரவு எழுதிய கடிதத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். அடகுக்கடை வட்டி ஒருபக்கம், கொழும்புச் செலவு ஒருபக்கம், "மகன், காசக் கேட்டு எழுதினீங்களா?" என்று அப்பா படுத்தபடி கேட்டது ஒருபக்கம். அந்தரத்தில் எழுதியது. முற்பணத்தைத் திருப்பித் தரும்படி கோருகிறேன் என்பதற்கு 'ஐ டிமாண்ட் யூ டு ரிட்டேர்ன் மை மணி' என்று போட்டிருந்தேன். 'கோரு' தமிழில் எவ்வளவு பணிவான எழுத்துச் சொல்! பிரதேச செயலாளருக்கு எழுதும்போதும் 'தயவுடன் கோருகிறேன்' என்கிறோம். அதை ஆங்கில அகராதியில் திருப்பிப் பார்த்தால் டிமாண்ட், ரிக்குவெஸ்ட், கிளெய்ம் மூன்றும் வரிசையில் நிற்கும், எது எந்த முகத்தோடு பேசும் என்று அகராதி சொல்லாது. 'டிமாண்ட்' பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் அதன் வேர்ச்சொல்லுக்கு இன்றும் 'கேள்' என்றுதான் பொருள், ஆங்கிலத்துக்குள் வந்தபின் அது கையை ஓங்கிக்கொண்டது. மறுக்க உனக்கு உரிமையில்லை, தந்தே ஆகவேண்டும் என்று அது சொல்கிறது. வேலைநிறுத்தக்காரர், சட்டத்தரணி, கடத்தல்காரன் டிமாண்ட் செய்வார்கள். தயவு கேட்டு நிற்கிறவர் செய்யக் கூடாது. இலக்கணத்திலும் அது பிழை: 'டிமாண்ட்' என்பதற்குப் பின் ஆளும் 'டு'வும் வரவே வராது, பொருளோ 'தட்' வாக்கியமோ வரும், நாமே செய்வதானால் 'டு'வும் வினையும் வரும். 'ஆஸ்க்', 'ரிக்குவெஸ்ட்' இரண்டுக்கும் ஆளும் 'டு'வும் வரலாம். 'ரிக்குவெஸ்ட்' வினையாக வரும்போது 'ஃபோர்' சேராது, பெயராக வந்தால் மட்டும் சேரும். 'கிளெய்ம்' காப்புறுதிக்கும் உரிமைப்பணத்துக்கும் சரி, ஆனால் ஒருவர் சொன்னதைக் குறிக்க அதைப் போட்டால் 'அப்படிச் சொல்லிக்கொள்கிறார், எனக்கு நிச்சயமில்லை' என்று ஆகிவிடும். அதே கடிதத்தில் அப்பா நெஞ்சுவலி என்று கூறினார் என்பதற்கு 'கிளெய்ம்ட்' என்று எழுதியிருந்தேன். என் அப்பாவின் நோயை நானே சந்தேகிப்பதாக வாசிக்க இடம் வைத்தேன் என்பதுதான் இன்றுவரை எனக்கு அதிகம் வலிக்கிற பிழை.

ஒரே செயலுக்குப் பல வினை, ஒவ்வொன்றும் ஓர் உறவுநிலைக்கு என்பது நமக்குப் புதிதே இல்லை. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், பொருள் ஒன்றைக் கேட்கும்போது தாழ்ந்தவர் 'ஈ' என்றும், ஒத்தவர் 'தா' என்றும், உயர்ந்தவர் 'கொடு' என்றும் கேட்பார்கள் என்று விதியே இருக்கிறது. உயர்தரத்தில் தமிழ் எடுத்த பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்திருப்பார்கள். ஆனால் இன்றைய நம் பேச்சில் மரியாதை வினையின் வாலுக்குப் போய்விட்டது: தா, தாங்க, தருவீங்களா. வேர் ஒன்றே, விகுதிதான் மாறுகிறது. 'அனுப்புங்க' என்பதை ஆங்கிலமாக்கும்போது அந்த 'ங்க' எங்கேயும் ஒட்டாமல் விழுந்துவிடுகிறது, மிஞ்சுவது 'செண்ட்' என்ற கட்டளை மட்டும். ஆங்கில வினைக்கு மரியாதை விகுதி கிடையாது. அதனால் அந்த மொழி மரியாதையை இரண்டு இடத்தில் வைக்கிறது. ஒன்று, வினைக்கு முன்னால் நிற்கிற 'குட் யூ', 'வுட் யூ', 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப்' போன்ற சட்டகம். மற்றது, வினையைத் தெரிவதிலேயே. 'வோன்ட்' என்பது வீட்டில், 'வுட் லைக்' வெளியில். இறந்தகாலம் போட்டாலும் மெதுவாகும்: 'ஐ வோன்டட் டு ஆஸ்க்' என்றால் நேற்று கேட்க நினைத்தேன் என்று ஆகாது, இப்போதுதான் தயங்கிக் கேட்கிறேன் என்று பொருள்.

வினைத்தெரிவின் உயர்வு தாழ்வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது தெரிந்தால் பாதி மனப்பாடம் குறையும். 1066இல் நோர்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் நீண்டகாலம் அரசவையும் நீதிமன்றமும் பிரெஞ்சிலும் லத்தீனிலும் நடந்தன, 1362இல்தான் வழக்கை ஆங்கிலத்தில் வாதிடச் சட்டம் வந்தது. ஆகவே வீட்டுச் சொல் பழைய ஆங்கிலம், அலுவலகச் சொல் பிரெஞ்சு அல்லது லத்தீன் வழி. பிகின், கொமென்ஸ். பை, பேர்ச்சஸ். ஹெல்ப், அசிஸ்ட். நீட் பழையது, ரிக்குவயர் பிறகு வந்தது. ஆஸ்க், குவெஸ்ச்சன், இன்டெரோகேட் என்று மூன்று படியாகவும் வரும், அந்த மூன்றாவது பொலிஸ் விசாரணைக்குரியது. சின்னதாகவும், பின்னால் 'அப், ஓஃப், இன்டு' போன்ற ஒட்டோடும் வருகிற வினை பெரும்பாலும் பேச்சு வழக்கு: லுக் இன்டு என்றால் பேச்சு, இன்வெஸ்டிகேட் என்றால் கடிதம், ஃபைன்ட் அவுட் பேச்சு, அசர்டெய்ன் கடிதம். இது முழு விதியல்ல, முதல் ஊகத்துக்கு உதவும். எதிர்ப்பக்கமும் போகக் கூடாது. வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் 'யூட்டிலைஸ்', 'கொமென்ஸ்' என்று எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும், அங்கே யூஸ், ஸ்டார்ட் போதும்.

செப்டெம்பர் 15 வந்த பதில் 'வீ ரிக்ரெட் டு இன்ஃபோர்ம் யூ' என்று தொடங்கியது. 'ரிக்ரெட்' என்ற சொல்லைப் பார்த்ததும், அவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள், அப்படியென்றால் பிழையை ஒப்புக்கொள்கிறார்கள் என்று ஒரு நிமிடம் மனம் குளிர்ந்தது. ரிக்ரெட்டுக்கு வருத்தம் மட்டுமே பொருள், பொறுப்பு அதில் இல்லை. பொறுப்பேற்பது 'அபொலஜைஸ்'. பின்னால் 'டு' வந்தால் வரப்போவது கெட்ட செய்தி என்று அந்த இடத்திலேயே தெரிந்துகொள்ளலாம். அதே வினைக்குப் பின் 'இங்' வந்தால்தான் முன்பு செய்ததற்கு வருந்துவது. கால எல்லை கடந்ததால் மேன்முறையீட்டை எடுக்க முடியாது, அடுத்த செப்டெம்பருக்குப் புதிதாக விண்ணப்பித்துப் புதிதாக முற்பணம் கட்டலாம் என்று முடித்திருந்தார்கள். காசு வரவில்லை. நகையை மீட்க பதினாலு மாதம் எடுத்தது. அந்த மாதங்களில் அம்மா ஒரு கலியாண வீட்டுக்கும் போகவில்லை. நான் அவரிடம் காரணம் கேட்கவில்லை.

இவ்வளவுக்கும் ஐஈஎல்டீஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதி நல்ல புள்ளி எடுத்தவன் நான். அதில் எங்கே பிசகியது என்பதையும் சொல்லவேண்டும். படிப்புக்குப் போகிறவர்கள் எழுதுவது அகடமிக் பிரிவு, அதன் முதல் எழுத்துப் பணி வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிப்பது, குறைந்தது 150 சொல். கடிதம் எழுதுவது ஜெனரல் ட்ரெயினிங் பிரிவில் மட்டும்தான் வருகிறது. ஆகவே ஒரு தடவைகூட முறைசார்ந்த கடிதம் எழுதாமலே உயர்ந்த புள்ளியோடு வெளியே வந்துவிடலாம். வெளிநாடு போகிற எவரும், எந்தப் பிரிவு எழுதினாலும், ஜெனரல் ட்ரெயினிங் கடிதப் பயிற்சி ஒரு பதினைந்தாவது செய்துவிட்டுப் போங்கள். அதே சூழ்நிலையை நண்பருக்கு, வீட்டுக்காரருக்கு, நிறுவனத்துக்கு என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தால் வினைகள் எப்படி இடம் மாறுகின்றன என்பது கைக்கு வரும்.

சந்தேகம் வந்தால் நான் இப்போது செய்வது இதுதான். ஆங்கிலம்–தமிழ் அகராதியை முதலில் திறப்பதில்லை. ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லோங்மன் மூன்றுக்கும் படிக்கிறவர்களுக்கான அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. அதில் வினையைத் தேடி மூன்று விடயம் பார்ப்பேன். பொருளுக்கு முன்னால் 'ஃபோர்மல்' அல்லது 'இன்ஃபோர்மல்' என்று சாய்வெழுத்தில் ஏதும் இருக்கிறதா. வினைக்குப் பின்னால் என்ன வரலாம் என்ற குறிப்பு: 'தட்' வாக்கியமா, ஆளும் 'டு'வுமா, 'இங்'கா. கடைசியாக உதாரண வாக்கியங்களில் அந்த வினையை யார் செய்கிறார், எதன் மீது செய்கிறார் என்று. 'வித்ட்ரோ'வுக்குக் கீழே படைகள், வேட்பாளர், ஆதரவு, வாக்குமூலம் என்று வருவதைப் பார்த்திருந்தாலே, வங்கிக் கணக்குக்கும் என் கடிதத்துக்கும் உள்ள தூரம் அந்த இரவிலேயே தெரிந்திருக்கும். லோங்மனில் எஸ்1, டபிள்யூ1 என்று குறி இருந்தால் முறையே பேச்சிலும் எழுத்திலும் மிக அதிகம் வருகிற முதல் ஆயிரம் சொற்களுக்குள் அது இருக்கிறது. எஸ் இல்லாமல் டபிள்யூ மட்டும் இருந்தால் எழுத்துச் சாயல் உள்ள சொல் என்று எடுத்துக்கொள்வேன். இன்னொன்று: நம் அலுவலகங்களில் புழங்குகிற 'ரிவேர்ட்' என்பதை வெளிநாட்டுக்கு எழுதாதீர்கள். பதில் தாருங்கள் என்று நாம் நினைப்போம், அங்கே பலருக்கு அது பழைய நிலைக்குத் திரும்பு என்றே படும். 'ரிப்ளை' போதும்.

விசா விண்ணப்பம் நிரப்புகிறவர்கள் இந்த நான்கை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், தமிழில் நான்கும் 'மறுத்தல், நிராகரித்தல்' என்று கலந்துவிடும். 'ரெஃபியூஸ்' என்றால் பரிசீலித்து மறுப்பது, அல்லது செய்யமாட்டேன் என்பது. 'ரிஜெக்ட்' என்றால் ஏற்காமல் தள்ளுவது. இங்கிலாந்துக் குடிவரவு நடைமுறையில் இந்த இரண்டும் வெவ்வேறு முடிவுகள்: கட்டணமோ கைவிரல் பதிவோ குறைந்து விண்ணப்பமே செல்லுபடியாகாமல் போனால் ரிஜெக்ட், செல்லுபடியான விண்ணப்பத்தைப் பார்த்து இல்லை என்றால் ரெஃபியூஸ். 'டினை' என்றால் நடக்கவில்லை என்று மறுப்பது, அல்லது உரிமையைத் தராமல் விடுவது. 'வித்ட்ரோ' இந்த இடத்திலும் விண்ணப்பதாரர் தானே எடுத்துவிடுவது. முன்பு எப்போதாவது ரெஃபியூஸ் ஆகியதா என்ற கேள்விக்கு முகவர் சொன்னார் என்று பதில் போடாதீர்கள். பழைய கடிதத்தை எடுத்து அதில் எந்த வினை அச்சாகியிருக்கிறது என்று பார்த்து அதன்படி நிரப்புங்கள். ஏமாற்ற முயன்றதாக முடிவானால் பத்து ஆண்டுவரை அடுத்த விண்ணப்பங்களும் மறுக்கப்படலாம்.

அன்று அந்தச் சீமெந்துக் கட்டின் மேல் இருந்து நான் எழுதியிருக்கவேண்டிய கடிதம் நான்கே வாக்கியம். இதைப் பெயர், மாதம் மாற்றி யாரும் எடுத்துக்கொள்ளலாம். முதல் வாக்கியம்: 'ஐ ஆம் ரைட்டிங் டு ரிக்குவெஸ்ட் எ டிஃபரல் ஒஃப் மை ப்ளேஸ் ஃப்ரொம் செப்டெம்பர் டு ஜனுவரி.' இரண்டாவது, காரணம், நோயாளியின் நிலை ஒரே வரியில், வைத்தியக் கடிதம் இணைத்திருப்பதாக. மூன்றாவது: 'ஐ ஸ்டில் இன்டெண்ட் டு டேக் அப் மை ப்ளேஸ்.' இதை விடவே கூடாது, வித்ட்ரோ இல்லை என்பதைச் சொல்கிற வாக்கியம் இதுதான். நான்காவது: 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கன்ஃபர்ம் தட் மை டெபோசிட் வில் பி கேரிட் ஓவர்.' முற்பணம் ஜனவரி வகுப்புக்கு மாற்றப்படும் என்று கன்ஃபர்ம் செய்யவேண்டியவர்கள் இங்கே அவர்கள். அவர்கள் பதிலில் 'கேரிட் ஓவர்' அல்லது 'ட்ரான்ஸ்ஃபேர்ட்' என்ற வினை எழுத்தில் வரும்வரை வேறு எந்தப் படிவத்திலும் கையெழுத்து வைக்காதீர்கள். வந்த மின்னஞ்சலை அச்செடுத்து முற்பணப் பற்றுச்சீட்டோடு சேர்த்துக் கோர்த்து வையுங்கள்.